நெம்ப்ரோவின் இறப்புப் பதிவேடு

2020 பிப்ரவரி 9 அன்று, வட இத்தாலியின் பெர்கமோ நகரிலிருந்து வெளிவரும் 'லெக்கோ தி பெர்கமோ' நாளிதழில் இரங்கல் அறிவிப்புகள் ஒன்றரைப் பக்கத்துக்குள் அடங்கிவிட்டன. மார்ச் 13 அன்று அவற்றுக்குப் பத்துப் பக்கங்கள் தேவைப்பட்டன. இரண்டு இதழ்களையும் அடுத்தடுத்துப் புரட்டிக் காட்டிய ஒரு காணொளி அந்த நாட்களில் உலகமெங்கும் சுற்றியது. ஐந்து நாள் கழித்து, மார்ச் 18 இரவு, சவப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ராணுவ லாரிகள் பெர்கமோவிலிருந்து வரிசையாகப் புறப்பட்ட படம் வந்தது. பெருந்தொற்று என்றால் இன்றும் பலருக்கு அந்த லாரிகள்தான் நினைவுக்கு வருகின்றன. அவற்றில் போனவர்கள் இன்னார், இன்ன ஊர், இன்னாருடைய தகப்பன் என்று சொன்னவை அந்தப் பத்துப் பக்கங்கள். நெருக்கடிக் காலத்தில் ஒரு வட்டாரப் பத்திரிகை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது அவற்றைத்தான்.

'லெக்கோ' 1880இல் தொடங்கப்பட்டது. கத்தோலிக்க மறைமாவட்டத்தைச் சார்ந்தது. சிறிய படம், பெயர், வயது, ஊர், துயருறும் குடும்பத்தார் பெயர்கள் என்று இருக்கும் அதன் இரங்கல் அறிவிப்பு. நாம் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டுவதுபோல, இத்தாலியச் சிற்றூர்களிலும் இறந்தவரின் பெயரையும் இறுதிச் சடங்கு நேரத்தையும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டும் வழக்கம் உண்டு. ஆனால் 2020 மார்ச்சில் இறுதிச் சடங்குக்கே தடை. ஆம்புலன்ஸில் ஏற்றியபோது பார்த்த முகம்தான் பல குடும்பங்களுக்குக் கடைசி முகம். தோள் கொடுக்க முடியாது, கேதம் கேட்க யாரும் வர முடியாது. பெர்கமோவின் தகன மேடை இரவும் பகலும் எரிந்தும் சமாளிக்க முடியவில்லை. கல்லறைத் தேவாலயத்துக்குள் பெட்டிகளை வரிசையாக அடுக்கினார்கள், பிறகு வேறு நகரங்களுக்கு அனுப்பினார்கள். சில ஊர்களில் சாவுக்கு மணியடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அடித்தால் நாள் முழுவதும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மறைமாவட்டத்தின் பாதிரியார்களிலேயே 20க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள்.

இழவு சொல்லும் வேலை முழுவதும் பத்திரிகையின் தலையில் விழுந்தது. இத்தாலி அரசு மார்ச் 11 அன்று கடைகளை மூடச் சொன்னபோது, மளிகை, மருந்துக் கடைகளோடு செய்தித்தாள் கடைகளையும் திறந்து வைக்க அனுமதித்தது. அது சரியான முடிவு. இங்கே அடுத்த மாதமே, நாளிதழைத் தொட்டால் கிருமி ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் பரவி, அச்சிடத் தடை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்கே போனது. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது நல்லதாயிற்று.

பெர்கமோவுக்குப் பக்கத்தில், செரியோ ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது நெம்ப்ரோ. மக்கள்தொகை சுமார் 11,500. நம் ஊர்க் கணக்கில் ஒரு சிறிய பேரூராட்சி. நோய் முதலில் புகுந்த இடங்களில் ஒன்று அது. தினமும் மாலை ரோமிலிருந்து நாட்டின் கொரோனா எண்ணிக்கையை வாசித்தார்கள். அந்த எண்ணுக்கும் தன் ஊரில் நடப்பதற்கும் ஒத்துப்போகவில்லை என்பதை நெம்ப்ரோவின் நகரத் தந்தை கிளாவ்தியோ கன்செல்லி கண்ணெதிரே பார்த்தார். அவர் எடுத்துப் பார்த்தது தன் அலுவலகத்து இறப்புப் பதிவேட்டை. மருத்துவ நிர்வாகியான லூக்கா ஃபொரெஸ்தியும் அவரும் சேர்ந்து மார்ச் கடைசியில் 'கொரியெரே தெல்லா செரா' நாளிதழில் அந்தக் கணக்கை வெளியிட்டார்கள். வழக்கமான ஆண்டில் ஜனவரி தொடங்கி அந்த நாள்வரை நெம்ப்ரோவில் சுமார் 35 பேர் இறப்பார்கள். அந்த ஆண்டு இறந்தவர்கள் 158 பேர். கொரோனா மரணம் என்று அரசுக் கணக்கில் ஏறியவர்கள் 31 பேர்.

வழக்கமான 35ஐக் கழித்து, அரசு சொன்ன 31ஐயும் கழித்தால், மீதி 92 பேர். பதினோராயிரம் பேர் வாழும் ஊரில் 92 பேர் எந்தக் கணக்கிலும் வராமல் செத்திருக்கிறார்கள். காரணம் எளிமையானது. பரிசோதனை செய்து தொற்று உறுதியானால்தான் அது கொரோனா மரணம். மருத்துவமனையில் இடம் கிடைக்காமல் வீட்டுக் கட்டிலிலும் முதியோர் இல்லத்திலும் இறந்தவர்களுக்குப் பரிசோதனை செய்ய ஆளில்லை. மூக்கில் குச்சி விடாத ஒருவர் கொரோனாவால் சாகவில்லை என்றானது. ஆனால் செத்தவரைப் பதிவு செய்யாமல் புதைக்கவோ எரிக்கவோ முடியாது. அதனால் பெருந்தொற்றின் உண்மையான அளவு ஒரு நகராட்சி எழுத்தரின் பதிவேட்டில் முழுமையாக இருந்தது. ரோமில் இல்லை, மாநிலத் தலைநகர் மிலானில் இல்லை, அந்த மேசையில் இருந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் 'லெக்கோ'வும் இதையே பெரிய அளவில் செய்தது. ஓர் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, பெர்கமோ மாகாணத்தின் ஊர் ஊராக நகராட்சிகளிடம் இறப்புக் கணக்கைக் கேட்டு வாங்கியது. முந்தைய ஆண்டு மார்ச்சில் மாகாணம் முழுவதும் இறந்தவர்கள் 900 பேர் அளவில். 2020 மார்ச்சில் 5,400 பேர் என்று அந்தக் கணக்கு மதிப்பிட்டது. அதில் கொரோனாவுக்குப் போனவர்கள் சுமார் 4,500 பேர். அரசு சொன்ன எண் 2,060. இத்தாலியின் தேசியப் புள்ளியியல் நிறுவனமும் அதே வாரங்களில் ஊர்வாரியான மரணக் கணக்கை வெளியிடத் தொடங்கியது. ஆனால் கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஒரு சிற்றூரின் நகரத் தந்தையும் ஒரு வட்டாரப் பத்திரிகையின் நிருபர்களும்தான். அவர்களால் முடிந்ததற்குக் காரணம் திறமை மட்டும் அல்ல. இறந்தவர்களில் பலரை அவர்களுக்குப் பெயர் சொல்லித் தெரியும். தெரிந்தவர் செத்தும் பட்டியலில் அவர் பெயர் வராதபோதுதான் பட்டியல் பொய் என்று ஒருவருக்கு உறைக்கும்.

சிற்றூரில் செய்தியும் உதவியும் இரண்டு வேலை அல்ல. அந்த வாரங்களில் பெர்கமோவின் மருந்துக் கடைகளில் ஆக்சிஜன் சிலிண்டர் கிடைக்கவில்லை. ஆக்சிஜன் இருந்தது, அதை நிரப்ப உருளை இல்லை. நோயாளி குணமானபின்போ இறந்தபின்போ காலி சிலிண்டர் வீட்டின் மூலையிலேயே கிடந்தது. அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று மருந்துக் கடைக்காரர்கள் வேண்டுகோள் விடுத்தார்கள். தகப்பனைப் பறிகொடுத்த வீட்டில் அந்த வாரமே காலி உருளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடையில் வைக்க யாருக்குத் தோன்றும்? அதைத் திருப்பித் தந்தால் அடுத்த தெருவில் ஓர் உயிர் பிழைக்கலாம் என்ற செய்தி அந்த வீட்டுக்கு நம்பும் குரலில் போய்ச் சேர வேண்டும். அது செய்தியா, உதவியா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இளைஞர்கள் முதியவர்களின் வாசலில் மளிகையும் மருந்தும் வைத்துவிட்டு வந்ததும் அப்படித்தான். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்று தெரிந்தால்தான் பையைக் கொண்டுபோய் வைக்க முடியும்.

ஆல்பினி என்பது இத்தாலியின் மலைப் படை. அதில் பணியாற்றியவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அவர்களும் பெர்கமோவின் தச்சர்கள், மின்பணியாளர்கள், குழாய்ப் பணியாளர்களும் அத்தலாந்தா கால்பந்து அணியின் ரசிகர்களும் சேர்ந்து பொருட்காட்சித் திடலில் மிகச் சில நாட்களில் ஒரு மருத்துவமனையை எழுப்பினார்கள். ஏப்ரல் 6 அன்று அங்கே முதல் நோயாளிகள் வந்தார்கள். 'லெக்கோ', மறைமாவட்டத்தின் காரித்தாஸ் அமைப்போடும் தொழில்துறையினர் சங்கத்தோடும் சேர்ந்து நிதி திரட்டியது. மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டும் வீட்டுக்குப் போக முடியாதவர்களை ஹோட்டல் அறைகளில் தங்கவைத்துப் பராமரிக்க அந்தப் பணம் போனது.

இந்த இடத்தில் பாராட்டை நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த வட்டாரம் தன் செத்தவர்களை நன்றாக எண்ணியது. சாகும் முன் எச்சரிக்கப்பட்டதா? பிப்ரவரி 23 அன்று, நெம்ப்ரோவை அடுத்த அல்சானோ லொம்பார்தோ மருத்துவமனையில் தொற்று தெரிந்தபோது அதை மூடினார்கள். சில மணி நேரத்தில் திறந்துவிட்டார்கள். பெர்கமோ இருக்கும் லொம்பார்தி மாநிலத்தின் கொதோஞோ வட்டாரத்தை உடனே அடைத்துச் சீல் வைத்த அரசு, நெம்ப்ரோவையும் அல்சானோவையும் அடைக்கவில்லை. மார்ச் முதல் வாரத்தில் அறிவியல் ஆலோசகர்கள் அடைக்கச் சொன்னார்கள். காவலுக்குப் படைகள் வந்து காத்திருந்து திரும்பின. மார்ச் 8இல் மாநிலம் முழுவதையும் அடைத்தபோது காலம் கடந்துவிட்டது. அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கத் தொழிற்சாலைகள். பிப்ரவரி 28 அன்று பெர்கமோ தொழில்துறையினர் சங்கம், உற்பத்தி வழக்கம்போல் ஓடுகிறது என்று வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் காணொளி வெளியிட்டது. மருத்துவமனையை ஏன் திறந்தார்கள், ஊரை ஏன் அடைக்கவில்லை என்பதைத் தோண்டி எழுதுவதில் முன்னால் நின்றது தேசிய அளவில் இயங்கும் ஓர் இணையப் பத்திரிகை. இறந்தவர்களின் குடும்பங்கள் தாங்களே முகநூலில் கூடி, பிறகு வழக்குத் தொடுத்தன.

வட்டாரப் பத்திரிகையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பது என் எண்ணம். ஊருக்கு நெருக்கமாக இருப்பதால் அதற்குச் செத்தவர் பெயர் தெரிகிறது. அதே நெருக்கத்தால், விளம்பரம் தரும் ஆலை முதலாளியிடமும் திருச்சபையிடமும் மருத்துவமனை நிர்வாகத்திடமும் கடுமையான கேள்வி கேட்பது அதற்குக் கடினமாகிறது. நம் மாவட்டச் செய்தியாளர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வட்டாரப் பத்திரிகை மட்டும் போதும் என்று சொல்பவர்களோடு நான் நிற்க மாட்டேன். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களோடு இன்னும் நிற்க மாட்டேன்.

இந்தியாவில் இதே வேலையைச் செய்தவை குஜராத்தி நாளிதழ்கள். 2021 ஏப்ரலில் 'சந்தேஷ்' நிருபர்கள் அகமதாபாத் அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் இரவெல்லாம் நின்று வெளியேறும் உடல்களை எண்ணினார்கள். மே 14 அன்று 'திவ்ய பாஸ்கர்' மாநிலத்தின் இறப்புச் சான்றிதழ்களைக் கூட்டிக் காட்டியது. மார்ச் 1 முதல் மே 10 வரை கொடுக்கப்பட்டவை சுமார் 1.23 லட்சம், முந்தைய ஆண்டு அதே நாட்களில் சுமார் 58 ஆயிரம். அரசு ஒப்புக்கொண்ட கொரோனா மரணம் 4,218. நெம்ப்ரோவில் நடந்த அதே கழித்தல் கணக்கு, அதே வகைப் பதிவேடு.

தமிழ்நாட்டிலும் இது நடந்தது, நாம் மறந்துவிட்டோம். 2020 ஜூனில், சென்னை மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்த கொரோனா மரணங்களில் 200க்கும் மேற்பட்டவை மாநிலப் பட்டியலில் இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. ஜூலை 22 அன்று விடுபட்ட 444 மரணங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டன. அது அரசு செய்த நல்ல காரியம். பத்திரிகை கேட்டதால் நடந்த நல்ல காரியம். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்த 50 ஆயிரம் ரூபாய் நிவாரணம் கேட்டுக் குடும்பங்கள் அலைந்தபோது, சான்றிதழில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்து ஒரு விதவைக்குப் பணம் கிடைத்தது அல்லது அலைச்சல் கூடியது. பல மாநிலங்களில் நிவாரணம் பெற்ற குடும்பங்களின் எண்ணிக்கை, அரசு அறிவித்த மரணங்களைத் தாண்டிப் போனது.

நாடு முழுவதற்குமான கணக்கு? இந்தியாவில் 2020இல் பதிவான மொத்த இறப்புகள் 81.2 லட்சம். 2021இல் 1.02 கோடி. ஒரே ஆண்டில் சுமார் 21 லட்சம் கூடுதல். அந்த ஆண்டுக்கான அரசின் கொரோனா மரணக் கணக்கோ 3.3 லட்சம் அளவில். 2021க்கான இந்தப் பதிவுக் கணக்கு வெளியானது 2025 மே மாதத்தில். நெம்ப்ரோவின் 158 என்ற எண் அந்தச் சாவுகள் நடந்துகொண்டிருந்தபோதே அச்சில் வந்தது. நமக்கு நான்கு ஆண்டுகள். அத்தனைக்கும் பதிவேடுகள் இருந்தன. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969லிருந்து இருக்கிறது. சாவு நடந்து 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். கிராமத்தில் வி.ஏ.ஓ.விடமும் ஊர்களில் உள்ளாட்சி அலுவலகத்திலும் அந்தத் தகவல் சுடச்சுட இருக்கிறது. அது மேலே மேலே போய், வெகுநாள் கழித்து ஒரு தடித்த அறிக்கையாகத் திரும்பி வருகிறது. அப்போது அதை வைத்து யாரையும் காப்பாற்ற முடியாது.

2021 மேயில் தமிழக அரசு பத்திரிகையாளர்களை முன்களப் பணியாளர்களாக அறிவித்தது. வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் தாலுகா அளவில் செய்தி சேகரிப்பவர் பெரும்பாலும் பகுதிநேர நிருபர். விளம்பரமும் அவர்தான் பிடித்துத் தர வேண்டும். அவரிடம் போய்ப் பிணவறை வாசலில் இரவெல்லாம் நில் என்று சொல்ல நமக்கு வாய் வராது. அவருக்குச் செய்யக்கூடியது, கணக்கை அவர் கைக்கு எட்டும் தூரத்தில் வைப்பது.

ஒவ்வொரு பேரூராட்சியும் நகராட்சியும் ஒன்றியமும் மாதம் முடிந்த பத்தாம் நாளுக்குள் தன் இறப்பு எண்ணிக்கையை அலுவலகப் பலகையிலும் இணையத்திலும் வெளியிட வேண்டும். பெயர் வேண்டாம், வியாதி வேண்டாம். வயது வாரியாக எத்தனை பேர், வீட்டிலா மருத்துவமனையிலா, கடந்த ஐந்து ஆண்டுகளில் இதே மாதம் எத்தனை பேர். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, புதிய ஊழியரும் தேவையில்லை. அடுத்த கொள்ளைநோய்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அக்கினி நட்சத்திரத்தில் வயலிலும் தகரக் கூரைக்குக் கீழும் இறக்கும் முதியவர்களின் சான்றிதழில் பெரும்பாலும் மாரடைப்பு என்றுதான் எழுதப்படுகிறது. மே மாத எண்ணிக்கையை முந்தைய ஐந்து மே மாதங்களோடு ஒரு தாலுகா நிருபர் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால், வெயில் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பது அந்த ஜூனிலேயே தெரிந்துவிடும்.