விமானம் ஏறுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்



ஏ.எஸ்.ராவ் நகரிலும் மௌலாலியிலும் குஷாய்குடாவிலும் வாழும் நமது குடும்பங்கள் பிழைப்புக்காக ஒருமுறை ஊரைவிட்டு வந்தவை. இன்று அடுத்த தலைமுறை வளைகுடா நாடுகளுக்குப் புறப்படுகிறது. கணவனை அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை நம்மைத் தேடி வரும் சகோதரிகள் பெரும்பாலும் மூன்று கேள்விகளையே கேட்கிறார்கள்.

"அண்ணே, பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டாராம். அது சரியா?" சரியல்ல. சவூதி, அமீரகம், கத்தார், குவைத் ஆகிய எல்லா நாடுகளிலும் அது சட்டப்படி தவறு. ஆனால் கோபத்தில் வேலையை விட்டு ஓடிவிடலாகாது. ஓடினால் சவூதியில் முதலாளி 'ஹுரூப்' என்று எழுதிக் கொடுத்துவிடுவான். அதனால் தொழிலாளி குற்றவாளியாக்கப்படலாம். முதலில் அந்நாட்டுத் தொழிலாளர் அலுவலகத்திலும் இந்தியத் தூதரகத்திலும் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும்.

"என்னையும் பிள்ளைகளையும் அவர் அழைத்துக்கொள்ள முடியுமா?" அமீரகத்தில் மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தாலொழிய முடியாது. சவூதியிலோ 2017இல் தலைக்கு மாதம் 100 ரியாலாகத் தொடங்கிய குடும்பக் கட்டணம் 2020இல் 400 ஆயிற்று. கூலி வேலைக்குப் போகிறவருக்கு இது எட்டாக் கனி. "ஆறு மாதத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஏஜென்ட் பொய் சொல்கிறான்.

"விசா முடிந்துவிட்டதாம், பிடித்தால் என்ன ஆகும்?" அபராதம், காவல், கைரேகை, நாடு கடத்தல், மீண்டும் நுழையத் தடை. ஒளிந்திருப்பதால் எதுவும் தீராது. அமீரகத்தில் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அங்கே பொது மன்னிப்பு அளித்தபோது, முன்வந்தவர்கள் அபராதமும் தடையுமின்றித் திரும்பினார்கள். அத்தகைய காலம் வந்தால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. பாஸ்போர்ட் இல்லாதவருக்குத் தூதரகம் அவசரச் சான்று தரும். வழியற்றுச் சிக்கிக்கொண்டவரின் டிக்கெட் செலவுக்கு உதவ 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. அது பிச்சையல்ல, நமது உரிமை.

தோழர்களே, இந்தக் கேள்விகள் எல்லாம் காலந்தாழ்ந்து வருவது ஏன்? பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடாவில் வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். அந்த அலுவலகம் நமது ஐதராபாத்திலேயே இருக்கிறது. அங்கே ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள், சம்பளம் பதிவாகும், 275 ரூபாயில் இரண்டாண்டுக்கு 10 லட்ச ரூபாய் காப்பீடும் உண்டு. உரிமம் பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் வரியும் தவிர வாங்கக் கூடாது. இவை அனைத்தையும் தட்டிக் கழிக்கத்தான் கள்ள ஏஜென்ட் விசிட் விசாவில் ஏற்றிவிடுகிறான். அந்த ஒரு தாளினால் நமது பிள்ளைக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை; நமது அரசின் கணக்கில் அவன் தொழிலாளியும் இல்லை. நாடு கடத்தும் உத்தரவை அங்கேயுள்ள அதிகாரி எழுதுகிறான். அதற்கான மை இங்கே ஏஜென்டின் மேசையில் ஊற்றப்படுகிறது.

பிடிபட்ட தொழிலாளி கைவிலங்கோடு திரும்பி வருகிறான். அவனை அனுப்பியவன் அடுத்த ஆளுக்கு ரசீதில்லாமல் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறான். கள்ள ஏஜென்டுகள் மீது மத்திய, மாநில அரசுகள் வழக்குத் தொடர வேண்டும் என்று உரத்துக் கேட்போம். அதுவரை நாமே காவல்.

புறப்படுமுன் விசா, ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது மூன்றையும் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். பிரதி ஒன்று மனைவியிடம் இருக்கட்டும். நகையை அடகு வைக்கும் முன் வாருங்கள்; வைத்த பின் வந்தால் நாம் ஆறுதல்தான் சொல்ல முடியும்.