பேறுகால மருந்தும் நாற்பது நாளும்



பிளவக்கல் அணைகளின் அடிவாரமாகட்டும், வத்திராயிருப்பு, திருவில்லிபுத்தூர் வட்டாரமாகட்டும், பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டை மருந்து வாசனையே காட்டிக் கொடுத்துவிடும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சதகுப்பை, பெருங்காயம் ஆகியவற்றை வறுத்து இடித்து, கருப்பட்டிப் பாகில் நல்லெண்ணெய் விட்டுக் கிளறித் தரும் பேறுகால மருந்து, நம் மூத்த தாய்மார்கள் விட்டுச் சென்ற சொத்து. பசி எடுக்கவும் வாயு தணியவும் அவர்கள் கண்ட வழி அது.

பாட்டி வைத்தியம் என்று அதனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 2015-ஆம் ஆண்டு தமிழக அரசு, தன் மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு வழங்கத் தொடங்கிய 16 பொருள்கள் கொண்ட பெட்டகத்தில், சோப்பு, கொசுவலை ஆகியவற்றோடு சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. சுண்டி என்பது நம் சுக்குதான். ஜப்பானியரின் 'கம்போ' மூலிகை மருத்துவத்திலும் பிள்ளை பெற்றவளுக்கெனக் கசாயம் உண்டு. 1976 முதல் கம்போ மருந்துகள் பல அந்நாட்டு மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கப்பட்டன. ஆனால் அங்கே அவற்றை எழுதிக் கொடுப்பவர் நவீன மருத்துவம் பயின்ற மருத்துவர் என்பதைக் கவனியுங்கள்.

நம் வீடுகளிலோ, லேகியத்தின் மேல் அது தாங்காத சுமையை ஏற்றிவிடுகிறோம். லேகியம் உண்கிறாளே என்று இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். அம்மாத்திரையைப் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் 180 நாள் உண்ண வேண்டும் என்பது தேசியத் திட்டம். இழந்த இரத்தத்தைச் சுக்கும் மிளகும் ஈடுசெய்ய மாட்டா.

வயிறு பெருத்துவிடும் என்று தண்ணீரையும் மறுக்கிறார்கள் சிலர். பாலூட்டும் தாய்க்குத் தாகம் மிகுதி. மர்யம் (அலை) அவர்கள் பேறுகால வேதனையில் இருந்தபோது, அல்லாஹ் அவர்களுக்குப் பேரீச்சங்கனியோடு நீரோடையையும் அருளினான். உண்ணவும் பருகவும் சொன்னான். இறைவன் அளித்ததை நாம் தடுக்கலாமா?

நாற்பது நாள் கணக்கிலும் ஒரு தெளிவு வேண்டும். நிஃபாஸுக்கு ஹனஃபி மத்ஹபில் உச்ச வரம்பு 40 நாள். ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள். அது தொழுகை, நோன்பு பற்றிய சட்டம். உடல் தேறிவிட்டதற்கான சான்று என்று அதனைக் கொள்ளலாகாது. நாற்பது கழிந்த மறுநாளே குடத்தையும் உரலையும் அவள் தலையில் கட்டாதீர்கள்.

கணவன்மார்களுக்கும் ஒரு சொல்: இரத்தப்போக்கு மிகுந்தாலோ, காய்ச்சல், துர்நாற்றம், கடுந்தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, மூச்சுத்திணறல் கண்டாலோ மருந்துருண்டையைத் தேட வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். மலையடிவாரத்து ஊர்களிலிருந்து பெரிய மருத்துவமனைக்குத் தொலைவு அதிகம். கூச்சத்தால் வீணாகும் ஒரு மணி நேரம் ஓர் உயிரின் விலையாகிவிடலாம்.

லேகியத்தை அன்போடு கொடுங்கள். அதே அன்போடு தண்ணீரும், மாத்திரையும், ஓய்வும் கொடுங்கள்.