ஈரலும் உறையும் குருதியும்

குருதியை உறையச் செய்யும் பொருள்களுட் பலவற்றை ஆக்குவது ஈரலே. அவ்வுறைவைத் தடுக்கும் பொருளையும் 1916 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர் ஈரலிலேயே கண்டமை விந்தையன்றோ! ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அம்மருந்து 1918 இல் 'ஹெப்பாரின்' எனப் பெயர் பெற்றது.

ஈரற் புற்றுநோயாளர் சிலருக்கு, குடலிலிருந்து ஈரலுக்குக் குருதி கொணரும் வாயினாளம் அடைபடுவதுண்டு. அடைத்தது வெறும் உறைகுருதியாயின் இத்தகைய மருந்துகள் உதவலாம். புற்றே நாளத்துட் படர்ந்திருப்பின் அவை அதனைக் கரைக்கமாட்டா. ஈரல் சுருங்கியவர்க்கோ, உணவுக்குழாயின் நாளங்கள் புடைத்து வெடித்துக் குருதி பெருகும் அபாயமும் உண்டு. ஆதலின், படம்பிடித்தும் உட்காட்டியாற் பார்த்துமே வைத்தியர் முடிவு செய்வர்.

வாசகர்களே, குருதியை இளக்குமென்று அயலார் சொற்கேட்டு நோயாளிக்கு அஸ்பிரின் கொடாதீர். வைத்தியர் கொடுத்ததை அவரைக் கேளாது நிறுத்தவும் வேண்டாம்.