நடிப்புப் படிப்பா, அடகுச் சீட்டா?

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர்ப் பக்கத்து வாழைத் தோட்டங்களில் தார் வெட்டிச் சுமக்கும் தோழர் ஒருவர் சென்ற வாரம் திருச்சியில் சங்க ஆபீசுக்கு வந்தார். பெயர் வேண்டாம். கையில் வழவழப்பான இரண்டு துண்டுப் பிரசுரங்கள். ஒன்று, நடிப்பில் மூன்று வருஷப் பட்டம் தருகிறோம் என்கிறது. இன்னொன்று, ஆறே மாதத்தில் காமிராவுக்கு முன்னால் நிறுத்துகிறோம் என்கிறது. இரண்டிலும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வாலிபன் எங்கோ தூரத்தைப் பார்த்துச் சிரிக்கிறான்.

“பய பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டான். சினிமாவுலதான் நடிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். இது ரெண்டுல எதுல சேக்கலாம், தோழர்? அவங்க அம்மா தோட்ட வெச்சா மொதத் தவணைக்கு ஆவும்” என்றார்.

பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஆலைத் தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். “கூலிக்காரன் வீட்டில் சினிமாப் பைத்தியமா? ஐ.டி.ஐ.யில் பிட்டர் படிக்கச் சொல்லுங்க!”

இந்தச் சிரிப்புக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். ஐ.டி.ஐ. நல்ல படிப்பு, மறுக்கவில்லை. ஆனால் நடிப்பு கூலிக்காரன் மகனுக்கு ஆகாத தொழில் என்று யார் சொன்னது? இந்தத் திருச்சியிலே நின்றுகொண்டா அதைச் சொல்வது? சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த கணேசன், பள்ளிப் படிப்பை விட்டு, ஏழெட்டு வயதிலே நாடகக் கம்பெனியில் சேர்ந்த பையன். 1952-இல் ‘பராசக்தி’யில் பேசத் தொடங்கியபோது தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை தியாகராஜன், ரயில்வே அதிகாரி எப்.ஜி. நடேசய்யர் நடத்திய ரசிக ரஞ்சன சபாவின் மேடையில் சிறுவனாக ஏறினான். பின்னால் அவர்தான் பாகவதர். நடிகவேள் எம்.ஆர். ராதா வாழ்ந்ததும் 1979-இல் கண் மூடியதும் இதே ஊரில்தான். இவர்களில் யார் மிராசுதார் மகன்? யாருக்குப் பட்டம் இருந்தது?

நடிகனைக் “கூத்தாடி” என்று ஏசி, திண்ணையில் உட்கார வைக்கவும் மறுத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது அந்தத் தொழில் ஏழைக்கு என்றார்கள். இன்று அதில் கோடிகள் புரள்கின்றன. உடனே, “உனக்கு எதற்கப்பா அந்த ஆசை?” என்கிறார்கள். முதலாளி இப்படிச் சொன்னால் ஆச்சரியமில்லை. நம் தோழரும் அதே பாட்டைப் பாடலாமா?

ஆகவே பையனின் ஆசை குற்றமில்லை. அந்த ஆசைக்கு விலைச் சீட்டு ஒட்டியவர்கள்தான் இங்கே குற்றவாளிகள்.

என்ன விற்கிறார்கள்?

அந்த இரண்டு காகிதங்களையும் நான் எழுத்து எழுத்தாகப் படித்தேன். குளிர்பதன வகுப்பறை உண்டு. ஜிம் உண்டு. “போர்ட்போலியோ” என்று சொல்லிப் படம் எடுக்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம். “பிரபலங்கள்” வந்து பேசுவார்களாம், எந்தப் பிரபலம், எத்தனை நாள் என்று இல்லை. வருஷத்தில் எத்தனை நாடகம் போடுவார்கள், ஒரு வகுப்பில் எத்தனை பேர், அன்றாடம் பாடம் சொல்லும் வாத்தியார் யார், அவர் எந்த மேடையில் நடித்தவர், பையன் நடுவில் நின்றால் பணம் திரும்பி வருமா என்று தேடினேன். ஒரு வரி இல்லை!

மூன்று வருஷப் பட்டம் என்ற காகிதத்தின் கடைசி மூலையில், பொடி எழுத்தில் உண்மை இருந்தது. அது காட்சித் தொடர்பியல் பட்டம், நம் பிள்ளைகள் “விஸ்காம்” என்கிறார்களே, அதுதான். அந்தப் படிப்பு பொய்ப் படிப்பு அல்ல. போட்டோ எடுக்கவும், எடிட்டிங் செய்யவும், விளம்பரம் எழுதவும் கற்றுத் தருகிறார்கள், வேலையும் கிடைக்கிறது. ஆனால் அதில் நடிப்பு ஒரு மூலையில் ஒரு பாடம். ஊறுகாயைக் காட்டி விருந்து என்று இலை போடுவது நியாயமா? அதுவும் பல கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவில் இருக்கிறது. சுயநிதி என்றால் யார் நிதி? தார் சுமப்பவரின் சம்சாரத்தின் தோடு!

ஆறு மாதக் காகிதம் இன்னும் மோசம். அதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் இல்லை. திருச்சி வட்டாரத்தில் பட்டம் என்றால் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்க வேண்டும், அல்லது வேறு எந்தப் பல்கலைக்கழகம் என்றாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டலாம், வேலைக்கு மனுப் போட முடியாது. இவ்வளவுக்கும் எந்த டைரக்டரும் நடிகனிடம் சான்றிதழ் கேட்பதில்லை. “நடித்துக் காட்டு” என்பார்.

பையனை ரயில் ஏற்றி அனுப்பிய வேறொரு தகப்பனை எனக்குத் தெரியும். ஆலையில் விருப்ப ஓய்வில் வந்த பணத்தில் பெரும்பகுதியைச் சென்னையில் இப்படி ஓர் இடத்தில் கட்டினார். மகன் இன்று கல்யாண மண்டபங்களில் வீடியோ எடுக்கிறான். கௌரவமான வேலைதான். ஆனால் அந்தக் காமிராவை அவன் வாங்கியது தனிக் கடனில்!

கம்பெனியும் கோயிலும்

பழைய காலமெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் சோற்றுக்கு உழைத்தார்கள். வாத்தியாரின் பிரம்பு பேசியது. ராத்திரி முழுக்க நாடகம், பகலில் ஒத்திகை. குழந்தை உழைப்பு என்றால் அதுதான் குழந்தை உழைப்பு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே குரல், நடை, பாட்டு, வசனம், வேஷம் எல்லாம் ஜனங்களின் முன்னால் ஆயிரம் ராத்திரி நடித்து வந்தது. அதற்கு அந்தப் பிள்ளை ரசீது வாங்கவில்லை.

ஸ்ரீரங்கத்தின் பெயரிலேயே அரங்கம் இருக்கிறது. ஆற்றிடைத் தீவு என்று ஒரு பொருள், ஆடும் மேடை என்று இன்னொரு பொருள். அந்தக் கோயிலில் வைகுண்ட ஏகாதசியையொட்டி, பகல் பத்து, இராப் பத்து நாட்களில் அரையர் சேவை நடக்கிறது. பாசுரத்தைச் சொல்லி, தாளம் தட்டி, அபிநயம் பிடித்துக் காட்டுகிறார்கள். தகப்பனிடமிருந்து மகன் கற்கிறான். ஒரு காசு கட்டணமில்லை. ஆனால் அந்தக் குடும்பங்களில் பிறக்காதவனுக்கு அங்கே இடமில்லை. ஆக, ஒரு பக்கம் பிறப்பு வாசலை அடைக்கிறது. இன்னொரு பக்கம் பணம் அடைக்கிறது. இரண்டுக்கும் நடுவே, யாரும் நுழையக்கூடிய வாசல் ஒன்றைச் சர்க்கார்தான் கட்ட வேண்டும்.

கட்டியிருக்கிறதா? சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் அரசுத் திரைப்படப் பயிற்சி நிலையம் இருக்கிறது. முன்பு அங்கே நடிப்பும் சொல்லித் தந்தார்கள். ரகுவரன் அங்கே பயின்றவர். நாசரும் பயின்றவர், அதற்கு முன்னால் அவர் தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபையின் பள்ளியிலும் படித்தார். அந்தச் சபையின் பள்ளியில்தான் 1973-இல் பெங்களூர்ப் பஸ் கண்டக்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். செலவுக்குக் கை கொடுத்தவர் உடன் வேலை பார்த்த டிரைவர் தோழர். 1975-இல் ‘அபூர்வ ராகங்கள்’ வந்தது, கண்டக்டர் ரஜினிகாந்த் ஆனார்.

பின்னால் தரமணிப் படிப்புகளை நான்கு வருஷப் பட்டமாக மாற்றியபோது என்ன நடந்தது? ஒளிப்பதிவு வைத்தார்கள். ஒலிப்பதிவு, டைரக்‌ஷன், எடிட்டிங் வைத்தார்கள். அனிமேஷனும் வைத்தார்கள். நடிப்பை வைக்கவில்லை! நடிகர்களையே முதல் மந்திரிகளாக்கிய மாநிலத்தின் சொந்தக் கல்லூரியில் நடிப்புக்குப் பட்டப் படிப்பு இல்லை. சர்க்கார் காலி செய்த நாற்காலியில் வியாபாரி வந்து உட்கார்ந்தான். இதிலே என்ன மர்மம்? சினிமா டிக்கெட்டில் ஜி.எஸ்.டி. போகிறது, 2017-இல் அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் வந்தது. நம் காசிலே வரி வாங்குபவர்கள் நம் பிள்ளைக்கு ஒரு வகுப்பறை கொடுக்கக் கூடாதா?

டெல்லிச் சர்க்கார் மட்டும் சும்மா இருக்கிறதா? 1960-இல் தொடங்கிய புனே திரைப்பட நிலையத்தில் நடிப்புப் படிப்பு உண்டு. எழுபதுகளில் நின்றுபோய், 2004-இல் மறுபடி வந்தது. அங்கே 2015-இல் தகுதியில்லாத தலைவரைத் திணித்ததை எதிர்த்து மாணவர்கள் 139 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2019 டிசம்பரில், வருஷத்துக்குப் பத்து சதவீதம் ஏறும் கட்டணத்தை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார்கள். நம் பிள்ளைகளுக்காகவும் சேர்த்துத்தான் அவர்கள் பட்டினி கிடந்தார்கள்!

தோழருக்கு நான் சொன்னது

இரண்டு காகிதத்திலும் சேர்க்க வேண்டாம் என்றேன். முகம் வாடிவிட்டது. “அப்ப ஐ.டி.ஐ.தானா?” என்றார். இல்லை, கேளுங்கள் என்று உட்கார வைத்தேன்.

புனேயின் நடிப்புப் படிப்பில் சேர ஏதாவது ஒரு பட்டம் போதும். டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கும் பட்டம் வேண்டும், அதோடு நாடகங்களில் நடித்த அனுபவமும் வேண்டும். புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் தொடங்கிய நிகழ்கலைப் பள்ளியில் முதுகலை நாடகம் படிக்கவும் ஒரு பட்டம்தான் கேட்பார்கள். எந்தப் பட்டம்? தமிழோ, வரலாறோ, வணிகமோ, எதுவானாலும் சரி! நம் ஊர் பெரியார் ஈ.வெ.ரா. அரசுக் கல்லூரியில் சொற்பக் கட்டணத்தில் கிடைக்கும் அதே பட்டம். பையன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மனுப் போடலாம். தோடு காதிலேயே இருக்கட்டும்.

அந்த மூன்று வருஷமும் அவன் சும்மா இருக்க வேண்டியதில்லை. வீதி நாடகக் குழுக்கள் இருக்கின்றன. தஞ்சாவூர் ஒரு மணி நேரப் பயணம், அங்கே தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது, நாடகம் போட்டால் போய்ப் பார்க்கட்டும். ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையில் விஜய் சேதுபதி முதலில் கணக்குப் பிள்ளையாகத்தான் நுழைந்தார். பசுபதியும் கலைராணியும் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். பலராஜ் சாஹ்னி எம்.ஏ. படித்தவர், லண்டன் ரேடியோவில் பேசியவர். ஆனால் 1953-இல் வந்த ‘தோ பீகா ஜமீன்’ படத்துக்காகக் கல்கத்தா வீதியில் கைரிக்‌ஷா இழுத்துப் பழகினார். உழைப்பாளியின் முதுகு எப்படி வளையும் என்று கற்க அவ்வளவு பாடுபட்டார். தார் சுமக்கும் வீட்டுப் பையனுக்கு அந்தப் பாடம் வீட்டிலேயே இருக்கிறது!

எல்லோருக்கும் இடம் கிடைக்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். புனேயில் ஒரு கையளவு பேரைத்தான் எடுக்கிறார்கள். டெல்லியில் இந்தி தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும். கிடைக்காவிட்டால் பட்டம் கையில் இருக்கும், அதை வைத்துச் சர்க்கார் பரீட்சை எழுதலாம். ஆறு மாதச் சான்றிதழை வைத்து என்ன எழுதுவது?

இன்னொன்று. சினிமாவும் ஒரு தொழிற்சாலைதான். அங்கேயும் கூலி பாக்கி, ஒப்பந்தமில்லாத வேலை எல்லாம் உண்டு. கேரளத்தில் 2017-இல் அமைத்த நீதிபதி ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தது. துணை நடிகைகளுக்குக் கழிப்பறைகூட இல்லாத படப்பிடிப்புகளை அது பேசுகிறது, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததைப் பேசுகிறது. இந்த இரண்டு துண்டுப் பிரசுரங்களில் ஏதாவது ஒன்று, ஒப்பந்தம் படிக்கக் கற்றுத் தருவோம் என்கிறதா? சங்கத்தில் சேரச் சொல்கிறதா?

தரமணியில் நடிப்புக்குப் பட்டப் படிப்பைத் திறக்க வேண்டும், திருச்சியில் அதற்கு ஒரு கிளை வேண்டும், இணைப்பில்லாத நடிப்புப் பள்ளிகள் வாங்கும் கட்டணத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டும் என்று அடுத்த வட்டக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். சிரித்த ஆலைத் தோழரே அதை வழிமொழிவதாகச் சொல்லியிருக்கிறார்.

மேலூர்த் தோழர் மறுநாள் விடியற்காலை தார் வெட்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை பையனை அழைத்து வருவதாகச் சொன்னார். காகிதங்களை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். ராத்திரி எட்டு மணிக்கு எனக்குப் போன் வந்தது. “தோழர், அந்த ஆறு மாச ஆளு சாயங்காலத்துலேந்து ரெண்டு தடவ கூப்புட்டுட்டான். இன்னைக்கே கட்டுனா பத்தாயிரம் தள்ளுபடியாம். பய பக்கத்துலதான் நிக்கிறான். நீங்களே அவன்கிட்டப் பேசுங்க.”