கூறுபோட்டவர்கள் கும்மிடிப்பூண்டிக்கு வரட்டும்

ஆறு கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை மத்திய அரசு கூறுபோட்டுவிட்டது. 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை வைஃபைக்கு. அதற்கு மேல் 7125 வரை கைபேசிச் சேவைக்கு. இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியதை வாசகர்கள் அறிவார்கள். ஆலைத் தொழிலாளி இருவர் கணக்கிலும் இல்லை.

ஆலைக்குள் ஆள் நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் குறுகிய தூர அல்ட்ரா வைட்பேண்ட் கருவிகள் அதிகம் நம்பியிருப்பது ஐந்தாம் சேனலை. அது 6240 முதல் 6739 மெகாஹெர்ட்ஸ் வரை. இப்போது போட்ட எல்லைக்கோடு அதன் குறுக்கே ஓடுகிறது. கீழ்ப்பகுதியில் வைஃபை, மேல்பகுதியில் கைபேசிக் கோபுரம். இந்தக் கருவி உமிழும் மொத்தத் திறனோ சுமார் 37 மைக்ரோவாட். கட்டடத்துக்குள் வைக்கும் வைஃபை பெட்டிக்கு 2025 மே மாத வரைவு விதிகள் தந்த உச்சம் 1 வாட். ஏறக்குறைய 27,000 மடங்கு. கோபுரத்தின் திறனைச் சொல்லவே வேண்டாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ரோலிங் மில் ஷெட்டுக்குள் ஜிபிஎஸ் எட்டாது. சுற்றிலும் இரும்பு என்பதால் புளூடூத் அலை எதிரொலித்துக் குழம்பி, ஆள் இருக்கும் இடத்தைச் சில மீட்டர் தள்ளிக் காட்டும். அல்ட்ரா வைட்பேண்டின் துடிப்பு இரண்டு நானோவினாடி அளவே நீளும்; நேராக வந்த அலையையும் இரும்பில் பட்டுத் திரும்பியதையும் பிரித்தறியும். பிழை பத்து சென்டிமீட்டர் அளவுக்குள் அடங்கும். ஓவர்ஹெட் கிரேனின் கொக்கிக்குக் கீழே ஆள் வந்தால் கிரேனை நிறுத்தவும், ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வருவதைத் தொழிலாளிக்கு உணர்த்தவும் இந்தத் துல்லியம் வேண்டும். அந்த ஷெட்டுகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்களில் பலர் ஒடிசாவிலும் பிகாரிலும் இருந்து வந்தவர்கள். விபத்து நடந்தால் நாளிதழில் நான்கு வரிச் செய்தி. அவ்வளவுதான்.

உரிமம் இல்லாத கருவி அலைக் குறுக்கீட்டிலிருந்து பாதுகாப்பு கேட்க முடியாது என்பார்கள். சட்டப்படி சரிதான். இந்த எல்லைக்கு வெளியே உள்ள ஒன்பதாம் சேனலுக்குப் போகலாமே என்பார்கள். புதிய சில்லுகள் போகும். ஏற்கெனவே வாங்கி மாட்டியவை எல்லாம் போகாது. சோதித்துப் பார்க்கத் தரமணியில் சமீர் ஆய்வு மையம் இருக்கிறது, பக்கத்திலேயே ஐஐடி இருக்கிறது. ஆனால் நாளை கோபுரம் ஏறி உட்காரப்போகும் அலையில் எந்த ஆலை பணம் போட்டுச் சோதனைக்கு இடம் கொடுக்கும்?

அலைக்கற்றையைக் கூறுபோட்டவர்களுக்குத் தாமதம் புதிதல்ல. அமெரிக்கா 1985-ல் திறந்துவிட்ட 2.4 கிகாஹெர்ட்ஸை உரிமமின்றிப் பயன்படுத்த நமக்கு 2005 வரை ஆனது. ஐந்து கிகாஹெர்ட்ஸைத் தாராளமாகத் திறக்க 2018. ஆறு கிகாஹெர்ட்ஸுக்கு அனுமதி இல்லாததால் 2024 நவம்பரில் ஒரு புதிய விளையாட்டுப் பெட்டி இந்தியக் கடைகளுக்கு வராமல் போனது. அதற்கு எழுந்த கூச்சல் காதைப் பிளந்தது. ரோலிங் மில்லுக்காக யார் கூச்சல் போட்டார்கள்?

அமெரிக்கா அல்ட்ரா வைட்பேண்டுக்கு விதி வகுத்தது 2002 பிப்ரவரியில். கால் நூற்றாண்டு அவகாசம் போதாதவர்களுக்கு அலைக்கற்றை ஏலத் தொகையைக் கணக்குப் போட மட்டும் நேரம் கிடைக்கிறது. ஆலை வளாகங்களுக்கு ஏதாவது ஏற்பாடு செய்தாக வேண்டும். என்ன ஏற்பாடு என்பதை, ஒரு நாள் இரவு ஷிஃப்டில் கிரேனுக்குக் கீழே நின்று பார்த்துவிட்டு அவர்களே முடிவு செய்யட்டும்.