ரெண்டு மேனேஜர்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. சுமார் 1,500 மீட்டர் உயரம். டிசம்பரில் அங்கே நீச்சல் குளத்தில் காலை விட்டால், அது நம்ம கால்தானா என்று சந்தேகம் வரும்.

நண்பன் வேலை பார்க்கும் விடுதியில் ஹீட் பம்ப் வாங்கினார்கள். ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறதல்லவா? அதே வித்தை. காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். 1852-லேயே கெல்வின் யோசித்துவிட்டார். ஒரு யூனிட் கரண்டுக்கு நாலைந்து யூனிட் சூடு. குளிர் ஏறினால் அது குறையும்.

சிக்கல், குளத்தின் பழைய கன்ட்ரோலர். அதிலும் தெர்மோஸ்டாட், இதிலும் தெர்மோஸ்டாட். ஒரே ஆபீஸில் ரெண்டு மேனேஜர்! எலெக்ட்ரீஷியன், பழையதிலிருந்து வரும் 230 வோல்ட்டைப் புதுசின் ரிமோட் டெர்மினலில் சொருகப் போனார்.

"அண்ணே, நிறுத்துங்க!"

அந்த டெர்மினல் வெறும் ஸ்விட்ச் மாதிரி. ரெண்டு ஒயரும் சேர்ந்தால் ஓடும், பிரிந்தால் நிற்கும். கரண்ட் கொடுத்தால் போர்டு காலி. கூடவே நண்பனின் சம்பளமும். நடுவில் ஒரு ரிலே வைத்தோம். 230 வோல்ட் அதன் காயிலோடு நின்றது. புதுசை 32 டிகிரியிலும் பழையதை 28-லும் வைத்தோம். இனி பழையவர் சொன்னால்தான் ஓட்டமும் நிறுத்தமும்.

திறமையெல்லாம் இருந்தும் புதுசு பேசாமல் கேட்டுக்கொள்கிறது. எனக்குத்தான் ஆபீஸில் அது வரமாட்டேன் என்கிறது.