படச்சீட்டும் பற்றும்

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, ஐக்கிய அமெரிக்காவில், உள்ளங்கையளவான கடதாசி அட்டையொன்று ஏலத்தில் விலைப்பட்டது. அதன் முகத்திலே மிக்கி மான்ரில் என்னும் பேஸ்போல் ஆட்டக்காரரின் நிறப்படம். முதுகிலே அவர்தம் பிறப்பும் உயரமும் நிறையும் ஆட்டக் கணக்கும். 1952ஆம் ஆண்டிலே சூயிங்கம் பொதியோடு சிறுவர் கைக்குக் கிடைத்த அவ்வட்டைக்கு எழுபது ஆண்டு கழித்து ஒருவர் கொடுத்த விலை 1 கோடி 26 இலட்சம் டொலர். செய்தியைப் படித்த நண்பரொருவர், "கடதாசிக்கு இவ்வளவு காசோ!" என்று தலையிலே கைவைத்தார். நாம் தலையிற் கைவைத்திலம். ஆயின் மனம் வருந்தினோம். ஏன் வருந்தினோம் என்பதை எடுத்துரைக்கவே இங்குப் புகுந்தோம். கல்லூரி மலரிலே அமெரிக்கச் சிறுவரின் விளையாட்டுப் பொருளுக்கு இடமேது என வினவும் அன்பர் சற்றே பொறுத்தருள்க. கிரிக்கெற் வீரரின் படங்களைப் பத்திரிகையிலிருந்து வெட்டிப் பழைய அப்பியாசக் கொப்பியிலே சோற்றுப் பசைகொண்டு ஒட்டிய கைகள் நம் பழைய மாணவரிடையே பல உள. அவர்க்கு இவ்விடயம் அந்நியமாகத் தோன்றாது.

இப்படச்சீட்டுகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே சிகரெட் பொதிகளுள் வைக்கப்பட்டு வந்தவை. பின்னரே மிட்டாயோடும் சூயிங்கத்தோடும் சேர்ந்தன. 1938இலே தோன்றிய ரொப்ஸ் கம்பனியார் நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்து தொழில் நடத்தினர். அவர்தம் ஊழியரான சை பேர்கர் என்பாரும் வூடி கெல்மன் என்பாரும் 1952ஆம் ஆண்டின் சீட்டுகளைப் பேர்கர் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்தே வகுத்தமைத்தனர் என்பர். அவ்வரிசையிலே 407 சீட்டுகள். சென்ற ஆண்டின் கணக்கோடு ஆட்டக்காரரின் முழுக் கணக்கும் முதுகிலே அச்சிடப்பட்டிருந்தது. 1949ஆம் ஆண்டிலே ஜாக்கி ரொபின்சனின் அடிவீதம் ஆயிரத்துக்கு 342 எனப் பையன் ஒருவன் நாவில் வைத்திருந்தால், தசம பின்னம் அவனுக்குப் பாதி விளங்கிவிட்டது என்றே கொள்ளலாம். கணித ஆசிரியர்கள் நம்மைக் கோபியாதிருப்பாராக.

புரூக்ளினுக்கென டொட்ஜேர்ஸ் என்னும் குழுவும் இருந்தது. ஆதலின் அவ்வூர்ச் சிறுவனுக்குச் சீட்டும் தன்னூர், குழுவும் தன்னூர். ஆனாற் பொதியைப் பிரிக்குமுன் உள்ளே யாருடைய படம் உளதென்பது தெரியாது. வேண்டாத யாங்கீஸ்காரர் இருவரைக் கொடுத்து வேண்டிய டொட்ஜேர்ஸ்காரர் ஒருவரைப் பெறவேண்டும். சுவரோரம் சீட்டை வீசி ஆடும் பந்தயத்திலே வெல்லவேண்டும், அல்லது தோற்கவேண்டும். மிஞ்சிய சீட்டுகள் சைக்கிள் கம்பிகளிடையே செருகப்பட்டு, சில்லுச் சுழலும்போது படபடவென ஒலித்தன. மூலை மழுங்காத சீட்டு அந்நாளிலே விளையாடாத பையனின் சீட்டு.

இனி நம் கருத்துக்கு வருவோம். தன் குழுவினரின் சீட்டுகளைத் திரட்டுபவனுக்கும் விலையேறிய சீட்டுகளைத் திரட்டுபவனுக்கும் இடையே மலையளவு வேற்றுமை உண்டு. முன்னவன் சேர்ப்பது ஒரு குழு. பின்னவன் சேர்ப்பது ஒரு முதலீடு. 1952ஆம் ஆண்டு வரிசையிலே மான்ரிலின் இலக்கம் 311. அடுத்த இலக்கமாகிய 312 ஜாக்கி ரொபின்சனுடையது. இரண்டும் ஒரே பகுதியிலே வெளிவந்தவை. இரண்டும் அப்பகுதியின் ஏனைய சீட்டுகளைக் காட்டிலும் இருமடங்காக அச்சானவை. எனவே அருமை பற்றி மான்ரிலின் சீட்டு விலையேறிற்று என வாதிப்பதற்கு இடமில்லை. 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் திகதி களமிறங்கி, கறுப்பினத்தவரை நெடுங்காலம் புறத்தே நிறுத்திய தடையைத் தகர்த்தவர் ரொபின்சன். அவர் அணிந்த 42ஆம் இலக்கத்தை 1997இலே அப்பெரும் போட்டிகளின் குழுக்கள் யாவும் ஒதுக்கி வைத்தன. அத்தகையாரின் சீட்டு மான்ரிலின் விலைக்கு அண்மையிலேனும் வந்ததில்லை. சந்தையின் நிறைகோல் இத்தகையது.

பெயர் பெறாதார் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்தம் சீட்டுகளைச் சந்தையார் 'சாதாரணம்' என ஒரே சொல்லில் அடக்கிப் பெட்டியோடு விற்பர். குழுவைத் திரட்டுபவனுக்கோ சாதாரணம் என்று ஒன்றில்லை. சான்டி அமொறொஸ் என்னும் கியூபா நாட்டவரை எடுத்துக்கொள்வோம். டொட்ஜேர்ஸ் குழு 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஆண்டுகளின் இறுதித் தொடர்களிலே யாங்கீஸ் குழுவிடம் தோற்றது. 1955ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி, ஏழாவதும் முடிவானதுமான ஆட்டம். ஆறாம் இனிங்ஸிலே இடப்புறக் களத்துக்கு அமொறொஸ் அப்பொழுதுதான் அனுப்பப்பட்டிருந்தார். யாங்கீஸ்காரர் இருவர் ஓட்டத்துக்கு ஆயத்தமாய் நிற்க, யோகி பெரா இடப்புற மூலையை நோக்கிப் பந்தை உயர அடித்தார். அமொறொஸ் இடக்கையால் எறிபவர். ஆதலின் கையுறை வலக்கையிலே இருந்தது. நெடுந்தூரம் ஓடிச் சென்று அக்கையை நீட்டிப் பந்தைப் பற்றினார். உடனே திருப்பி எறிந்தார். ஓடிவிட்ட ஒருவரும் திரும்பி வருமுன் ஆட்டமிழந்தார். கையுறை மற்றக் கையில் இருந்திருப்பின் பந்து எட்டியிராது எனப் பலரும் கூறுவர். எதிரிக்கு ஓட்டமே கொடாது ஜொனி பொட்றெஸ் பந்தெறிய, புரூக்ளின் 2-0 என வென்று தன் முதலாவது உலகத் தொடர்க் கிண்ணத்தை எடுத்தது. அந்த அமொறொஸின் சீட்டும் சந்தையிலே சொற்ப விலைக்கு உரியதே. புரூக்ளின் பையனின் சப்பாத்துப் பெட்டியிலோ அது ரொபின்சனுக்குப் பக்கத்திலே இருந்தது.

அதே ஆண்டிலே அக்குழுவிற் சேர்ந்த பத்தொன்பது வயது இளைஞர் சான்டி கோபாக்ஸ். அவ்வாண்டு அவர் வென்றவை இரண்டே ஆட்டங்கள். இறுதித் தொடரிலே அவர் பந்தெறியவேயில்லை. பின்னர் 1963இலே 25 ஆட்டங்களை வென்று தம் காலத்துப் பந்தெறிவோருள் தலைசிறந்தவரானார். அவருடைய 1955ஆம் ஆண்டுச் சீட்டை இன்று பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர். அன்று அதனைக் காத்துவைத்த சிறுவன் வருவதறிந்து காத்தானல்லன். அவரும் நம்மவர் என்றே காத்தான்.

சந்தை இல்லாவிடின் இச்சீட்டுகள் எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும், விலையே அவற்றைக் காத்தது என்பார் உளர். அதிலே ஓரளவு உண்மை உண்டு. மகன் வீட்டைவிட்டுச் சென்றபின் சீட்டுப் பெட்டியை எறிந்த தாய்மார் கதை அந்நாட்டிலே வீட்டுக்கு வீடு உண்டு. ஆயினும் காக்கும் முறையைப் பாருங்கள். சீட்டின் மூலையையும் ஓரத்தையும் பரிசோதித்துப் பத்துக்கு இத்தனை எனப் புள்ளியிட்டுப் பிளாஸ்ரிக் உறையுள் முத்திரையிட்டு விடுகின்றனர். மான்ரிலின் சீட்டுக்குக் கிடைத்தது 9.5. (நம்மிற் பலர் கணக்கிலே காணாத புள்ளி.) அதன்பின் அதைத் தொட்டுப் புரட்டல் இல்லை, மாற்றிக்கொள்ளல் இல்லை. 1980களின் பிற்பகுதியிலே விலையேறும் என எண்ணி யாவரும் பொதி பொதியாக வாங்கிப் பூட்டிவைத்தனர். கம்பனிகளும் அளவின்றி அச்சிட்டன. பூட்டிவைத்தவர் பலரிடம் அவை இன்றும் விலைபோகாமற் கிடக்கின்றன. அதற்காக நாம் வருந்தவில்லை.

காப்பதற்கு வேறு வழியும் உண்டென்று காட்டியவர் ஜெபர்சன் பேர்டிக். சிரக்கியூஸ் நகரிலே மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றிற் பணிபுரிந்தவர், செல்வரல்லர். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போக, அவ்விரல்களாலேயே தாம் திரட்டிய மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளையும் அச்சுப் படங்களையும் நியூயோர்க் மெற்றொப்பொலிற்றன் அரும்பொருட் காட்சிச்சாலைக்கு ஈந்து, அங்கேயே பல்லாண்டிருந்து அல்பங்களிலே ஒட்டினார். 1963 சனவரியிலே அவ்வேலையை முடித்தார். இரண்டு மாதத்திற் காலமானார். பசை தடவினாரே என்று வணிகர் பதைப்பர். பதைக்கட்டும். அவர் சேர்த்தவை விலைக்கு இல்லை.

புரூக்ளின் சிறுவனுக்கு வந்த சோதனை சந்தையால் வந்ததன்று. 1957ஆம் ஆண்டின் ஆட்டங்கள் முடிந்ததும் குழுவின் உரிமையாளர் அதனைக் கண்டத்தின் மறுகரையிலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுசென்றார். 1958ஆம் ஆண்டுச் சீட்டுகளிலே அதே முகங்கள், ஊர்ப்பெயர் வேறு. அவற்றைத் தொடர்ந்து சேர்ப்பதா, பெட்டியை மூடுவதா? சேர்த்தவரைக் குறைகூற மாட்டோம். நாமாயின் மூடியிருப்போம்.

1960ஆம் ஆண்டிலே, விலைபோகாது கிடங்கிலே தேங்கிய 1952ஆம் ஆண்டுச் சீட்டுகளைப் பெட்டி பெட்டியாகப் படகிலேற்றி அத்திலாந்திக் கடலிலே கொட்டியதாகச் சை பேர்கரே பின்னாளிற் கூறினார். மான்ரில், ரொபின்சன், 314ஆம் இலக்கமுடைய றோய் கம்பனெல்லா யாவரும் அப்பெட்டிகளில் இருந்தனர். அதே ஆண்டு பெப்ரவரி 23ஆந் திகதி, டொட்ஜேர்ஸ் ஆடிய எபெற்ஸ் மைதானத்தை இடிக்கத் தொடங்கினர். இடிக்கும் இரும்புக் குண்டுக்கு வெள்ளை நிறந் தீட்டிப் பேஸ்போல் பந்துபோலச் சிவப்புத் தையலும் வரைந்திருந்தனர். 1958இலே கார் விபத்திற் சிக்கி நடமாட்டம் இழந்த கம்பனெல்லா சக்கர நாற்காலியிலே அங்கு வந்திருந்தார். பத்தாண்டு அவர் குந்தியிருந்து பந்து பிடித்த இடத்து மண்ணை ஒரு கலத்திலிட்டு அவர் கையிற் கொடுத்தனர்.